கட்டியைச் சூழ்ந்த நிலம்: நாரரும்பர்க் கலங்களை மாற்றும் மைக்ரோ ஆர்.என்.ஏக்கள்

புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களில் வைத்தியசாலையிலிருந்து ஓர் அறிக்கை வரும். அகற்றிய கட்டியை நுணுக்குக்காட்டியில் பார்த்த வைத்தியர் எழுதியது அது. புலம்பெயர்ந்த எமது வீடுகளில் அந்த அறிக்கையை முதலில் வாசிப்பது பெரும்பாலும் பிள்ளைகள்தான். நோர்வேஜிய மொழியிலோ டொச்சிலோ பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் அதை வாசித்து, அம்மாவுக்கு விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும். கட்டி எத்தனை மில்லிமீற்றர், நிணநீர் முடிச்சுகளில் பரவியிருக்கிறதா என்பவற்றை ஒருவாறு சொல்லிவிடலாம். 'டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்ட்ரோமா' என்று வரும் இடத்தில் பிள்ளையும் நின்றுவிடும். கூகுளில் தேடினால் பயம் கூடுமே தவிர விளக்கம் கிடைக்காது.

அந்தச் சொல் குறிப்பது புற்றுநோய்க் கலங்களை அல்ல. அவற்றைச் சுற்றி உடம்பு தானே கட்டிக்கொண்ட நார் இழையத்தை. மார்பில் ஒரு கட்டி கைக்குக் கல்லுப்போல் தட்டுப்படுகிறது என்றால், அந்தக் கடினத்தின் பெரும்பங்கு இந்த நார் இழையத்தால் வருவது. சதையியில் (கணையத்தில்) வரும் புற்றுநோயில் கட்டியின் பெரும்பகுதியே இதுதான். புற்றுநோய்க் கலங்கள் அதற்குள் அங்கங்கே சிறு கூட்டங்களாகக் கிடக்கும்.

இந்த நாரை நெய்வது நாரரும்பர்க் கலங்கள். ஆய்வாளர்கள் 'பைப்ரோபிளாஸ்ட்' என்பார்கள். இவை எமது உடம்பின் சொந்தக் கலங்கள், வெளியிலிருந்து வந்தவை அல்ல. சமையலறையில் விரல் வெட்டுப்பட்டால் காயத்துக்கு விரைந்து வந்து, கொலாஜன் என்னும் புரத நாரைச் சுரந்து, வெட்டின் இரு ஓரங்களையும் இழுத்து மூடுபவை இவையே. காயம் ஆறியதும் இவற்றில் பல இறந்துவிடும். மிகுதி அடங்கிவிடும். ஒரு தழும்பு மட்டும் மிஞ்சும்.

கட்டியைச் சுற்றி இருப்பவை அடங்குவதில்லை. 1986இல் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ஹரோல்ட் டிவோராக் ஒரு கட்டுரையில் புற்றுக்கட்டிகளை 'ஆறாத காயங்கள்' என்று வர்ணித்தார். காயத்தை ஆற்றும் வேலை தொடங்குகிறது, முடிவதில்லை என்பது அதன் பொருள்.

அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே இலண்டனில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் சூழலைப் பற்றி யோசித்திருந்தார். அவர் பெயர் ஸ்டீபன் பஜெட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த அவர், நோய் சில உறுப்புகளுக்கு மட்டும் அதிகம் பரவுவதைக் கண்டார். இரத்தம் எல்லா இடமும்தான் போகிறது, பிறகு ஏன் ஈரலிலும் எலும்பிலும் மட்டும் அதிகம்? விதை எங்கும் விழலாம், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று 1889இல் எழுதினார். வயல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. ஆனால் மருத்துவ உலகம் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு விதையையே பார்த்துக்கொண்டிருந்தது. புற்றுநோய்க் கலத்தின் மரபணுவில் என்ன பிழை, அந்தக் கலத்தை எப்படிக் கொல்வது என்பதே கேள்வியாக இருந்தது.

நிலத்தின் பக்கம் கவனத்தைத் திருப்பிய பரிசோதனைகளுள் ஒன்று 1999இல் வெளிவந்தது. மனிதரின் புரொஸ்டேட் கட்டியிலிருந்து நாரரும்பர்க் கலங்களை எடுத்து, தாமாகக் கட்டி உண்டாக்காத புரொஸ்டேட் கலங்களுடன் சேர்த்து எலிகளில் வைத்தார்கள். கட்டி வளர்ந்தது. சாதாரண புரொஸ்டேட்டிலிருந்து எடுத்த நாரரும்பர்களைச் சேர்த்தபோது அப்படி நடக்கவில்லை. கட்டியோடு வாழ்ந்த நாரரும்பர் வேறு ஒன்றாக மாறியிருந்தது. அண்டையிலிருந்த கலங்களையும் கெடுக்கக்கூடிய ஒன்றாக.

எப்படி மாறியது என்பதுதான் புதிர். புற்றுநோய்க் கலத்தில் டி.என்.ஏயின் எழுத்துகளே பிழைத்திருக்கும். கட்டியோடு இருக்கும் நாரரும்பர்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. புத்தகம் அதே புத்தகம், வாசிக்கும் பக்கங்கள்தான் மாறியிருக்கின்றன. எந்தப் பக்கம் எவ்வளவு வாசிக்கப்பட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவனவற்றுள் ஒன்றுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ.

ஒரு மில்லிமீற்றர் புழுவிலிருந்து

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். கொரோனாக் காலத்தில் எமது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய 'ஆர்.என்.ஏ' செய்திகள் இன்னும் பலர் மனதில் இருக்கின்றன. அந்தத் தடுப்பூசிகளில் இருந்தது தூது ஆர்.என்.ஏ. ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பைக் கலத்துக்குக் கொண்டுபோவது அது. அதற்கு வழிவகுத்த ஆய்வுக்காக கத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2023இல் நொபெல் பரிசு பெற்றார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ வேறு. அது எந்தப் புரதத்தையும் செய்யாது. தூது ஆர்.என்.ஏயைப் பிடித்து அதன் வேலையைக் குறைப்பதே அதன் வேலை. அடுத்த ஆண்டே, 2024இல், இதைக் கண்டுபிடித்ததற்காக விக்டர் அம்புரோஸ், கரி ருவ்குன் இருவருக்கும் மருத்துவ நொபெல் கிடைத்தது. இரண்டு ஆண்டு, இரண்டு ஆர்.என்.ஏ. குழப்பம் வந்ததில் ஆச்சரியமில்லை.

அம்புரோசும் ருவ்குனும் ஆராய்ந்தது ஒரு மில்லிமீற்றர் நீளமான ஒரு மண்புழு இனத்தை அல்ல, அதைவிடச் சாதாரணமான ஓர் உருளைப்புழுவை. அதன் வளர்ச்சியைக் குழப்பும் ஒரு மரபணு, புரதம் எதையும் செய்யாமல், ஏறக்குறைய 22 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு துண்டு ஆர்.என்.ஏயைச் செய்வதை 1993இல் வெளியிட்டார்கள். அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. புழுவின் விசித்திரம் என்று ஒதுக்கினார்கள். 2000இல் ருவ்குன் குழு இன்னொன்றைக் கண்டபோது, அது மனிதரிலும் இருப்பது தெரிந்தது. இன்று மனிதரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ மரபணுக்கள் அறியப்பட்டிருக்கின்றன. 'மிர்-21', 'மிர்-155' என்று எண்களால் அழைக்கிறார்கள்.

ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ விளக்கை அணைக்கும் சுவிட்ச் போன்றது அல்ல. வானொலியின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு போன்றது. தனது எழுத்துகளில் ஆறேழு பொருந்துகிற தூது ஆர்.என்.ஏயைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்டது சிதையும், அல்லது புரதம் செய்வது குறையும். ஆறேழு எழுத்து மட்டும் பொருந்தினால் போதும் என்பதால், ஒன்றே நூற்றுக்கணக்கான மரபணுக்களின் சத்தத்தை ஒரே நேரத்தில் கொஞ்சம் குறைக்க முடியும். அதனால்தான் ஒரு கலத்தின் முழுக் குணத்தையும் மாற்ற இரண்டு மூன்று மைக்ரோ ஆர்.என்.ஏக்களே போதுமானவையாக இருக்கலாம் என்ற எண்ணம் ஆய்வாளர்களுக்கு வந்தது.

சிக்காகோவின் மூன்று எண்கள்

அந்த எண்ணத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் முக்கியமானது 2012இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில், சூலகப் புற்றுநோயில் நடந்தது. எர்ன்ஸ்ட் லெங்கியெலின் ஆய்வுகூடத்தில் அனிர்பன் மித்ராவும் மற்றவர்களும் செய்தது. கட்டியோடு இருந்த நாரரும்பர்களையும் சாதாரண நாரரும்பர்களையும் ஒப்பிட்டபோது மூன்று மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் கண்ணில் பட்டன. மிர்-31உம் மிர்-214உம் குறைந்திருந்தன. மிர்-155 கூடியிருந்தது.

இதோடு நின்றிருந்தால் இது வெறும் பட்டியல். எது காரணம், எது விளைவு என்று தெரிந்திராது. அவர்கள் அடுத்து செய்ததுதான் விசேடம். சாதாரண நாரரும்பர்களை எடுத்து, அந்த மூன்றையும் செயற்கையாக அதே திசையில் மாற்றினார்கள்: இரண்டைக் குறைத்து ஒன்றைக் கூட்டினார்கள். பக்கத்தில் புற்றுநோய் எதுவுமின்றியே அவை கட்டியின் நாரரும்பர்களைப் போல நடக்கத் தொடங்கின. பிறகு கட்டியிலிருந்து எடுத்த நாரரும்பர்களில் அதே மூன்றையும் எதிர்த்திசையில் திருப்பினார்கள். அவை பெருமளவு சாதாரணமானவற்றைப் போலத் திரும்பின. மிர்-214 குறைந்தபோது 'சி.சி.எல்-5' என்ற சமிக்ஞைப் புரதம் கூடுவதையும், கட்டிக்கு உதவும் செய்திகளில் அதுவும் ஒன்று என்பதையும் காட்டினார்கள்.

திரும்பின என்பதை நிதானமாக வாசிக்க வேண்டும். ஆய்வுகூடத்துக் கிண்ணத்தில் வளர்க்கப்பட்ட கலங்கள் திரும்பின. ஒரு நோயாளியின் வயிற்றுக்குள் அல்ல. ஆனாலும் இது சிறிய விடயம் இல்லை. புற்றுநோய்க் கலத்தில் பிழைத்துப்போன டி.என்.ஏயை இப்படித் திருப்பித் திருத்த முடியாது. நாரரும்பரில் பிழைத்தது எழுத்து அல்ல, திருகுகளின் நிலை. திருகைத் திரும்பவும் திருகலாம்.

கருப்பைப் புற்றுநோயிலும் ஏறக்குறைய இதே கதை 2010இல் பதிவாகியிருந்தது. அங்கும் கட்டியின் நாரரும்பர்களில் மிர்-31 குறைந்திருந்தது. அதைத் திரும்பக் கொடுத்தபோது, பக்கத்தில் இருந்த புற்றுநோய்க் கலங்கள் நகர்ந்து ஊடுருவுவது குறைந்தது. நாரரும்பரைத் தொட்டால் புற்றுநோய்க் கலத்தின் நடத்தை மாறுகிறது என்பதை இது காட்டியது.

வேறு இரண்டு எண்களையும் சொல்லவேண்டும். மிர்-29 கொலாஜன் செய்யும் தூதுகளை நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. அது குறைந்தால் நார் கூடும். மிர்-21 அதற்கு எதிர்ப்பக்கம். நாரரும்பரைத் தூண்டும் முக்கிய சமிக்ஞைக்கு இயற்கையாகவே இருக்கும் தடையை அது தளர்த்திவிடும். இவை இரண்டும் புற்றுநோயில் மட்டும் வருபவை அல்ல. மாரடைப்புக்குப் பின் இருதயத்தில் உண்டாகும் தழும்பிலும், நுரையீரல் நாராகிப் போகும் நோயிலும் இதே எண்கள்தான். ஆறாத காயம் என்று டிவோராக் சொன்னது உவமைக்கு மட்டும் அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

பொதி அனுப்பும் கலங்கள்

நாரரும்பரின் திருகுகளை யார் திருகுகிறார்கள்? புற்றுநோய்க் கலம் சுரக்கும் புரதங்கள் ஒரு பகுதி. ஆனால் 2007இல் சுவீடனின் கோத்தன்பேர்க் நகரிலிருந்து இன்னொரு பதிலும் வந்தது. கலங்கள் வெளியே விடும் 'எக்ஸோசோம்' எனப்படும் மிக நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் இருப்பதை அங்கே கண்டார்கள். ஒரு கலம் பொதி கட்டி அனுப்புகிறது, இன்னொரு கலம் வாங்கிப் பிரிக்கிறது. இது புற்றுநோய்க்கு மட்டும் உரிய வேலை அல்ல, உடம்பெங்கும் நடப்பது. புற்றுநோய் அந்த வழியைப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஈரல் புற்றுநோயில் 2018இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டது இதற்கு நல்ல உதாரணம். அதிகம் பரவும் இயல்புள்ள ஈரல் புற்றுநோய்க் கலங்கள் மிர்-1247-3பி என்ற மைக்ரோ ஆர்.என்.ஏயைப் பொதியில் அனுப்புகின்றன. அது நுரையீரலில் உள்ள நாரரும்பர்களைப் போய்ச் சேர்ந்து அவற்றை மாற்றிவிடுகிறது. மாறியவை அழற்சிச் சமிக்ஞைகளைச் சுரந்து நோய் பரவ வழிசெய்கின்றன. விதை போய்ச் சேரமுன்னரே நிலம் பண்படுத்தப்படலாம் என்பது இதன் பொருள். பஜெட் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

பொதி எதிர்த்திசையிலும் போகும். ஹூஸ்ரனில் உள்ள எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் நிலையத்தின் ஆய்வாளர்கள் 2016இல் சூலகப் புற்றுநோயில் இதைக் காட்டினார்கள். கட்டியைச் சுற்றியுள்ள நாரரும்பர்களும் கொழுப்புக் கலங்களும் மிர்-21ஐப் புற்றுநோய்க் கலங்களுக்குக் கொடுக்கின்றன. அது புற்றுநோய்க் கலம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளத் தேவையான ஒரு புரதத்தைக் குறைக்கிறது. அதன் விளைவாக, அந்த நோய்க்கு வழமையாகக் கொடுக்கும் பக்லிடக்சல் என்ற கீமோ மருந்துக்கு அந்தக் கலங்கள் எளிதில் சாவதில்லை. 'முதல் கீமோவுக்குச் சுருங்கின கட்டி பிறகு ஏன் கேட்கேல்லை?' என்று கேட்கும் குடும்பங்களுக்கு இது முழுப்பதில் அல்ல. பல காரணங்களுள் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

பிறகு ஏன் மருந்து வரவில்லை

இவ்வளவு தெரிந்த பிறகு, நாரரும்பர்களை அழித்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். ஆய்வாளர்களுக்கும் தோன்றியது. சதையிப் புற்றுநோயில் நார் இழையத்தைக் குறைத்தால் மருந்து உள்ளே போகும் என்று நம்பி, சரிடெகிப் என்ற மருந்தை நோயாளிகளில் பரிசோதித்தார்கள். மருந்து பெற்றவர்களின் நிலை, பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. 2012இல் நிறுத்தினார்கள். இரண்டு ஆண்டு கழித்து எலிகளில் நடந்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின: நாரரும்பர்களை அகற்றியபோது கட்டி மேலும் மூர்க்கமானது. அவற்றுள் சில கட்டிக்கு வேலியாகவும் இருந்திருக்கின்றன. 2017இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடம், சதையிக் கட்டியில் உள்ள நாரரும்பர்களே ஒரு வகை அல்ல என்று காட்டியது. கட்டியை ஒட்டி இருந்து நார் இறுக்கும் வகை ஒன்று, சற்றுத் தள்ளி இருந்து அழற்சிச் சமிக்ஞை சுரக்கும் வகை இன்னொன்று.

ஆகவே கொல்வது அல்ல, திருப்புவதே வழி என்ற பக்கம் இப்போது எண்ணம் சாய்கிறது. அங்கேதான் மைக்ரோ ஆர்.என்.ஏ திரும்பவும் வருகிறது. இடையில் நிற்கும் தடைகள் சின்னவை அல்ல.

முதல் தடை, ஒரே எண் இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்வது. சூலகக் கட்டியின் நாரரும்பரில் குறைந்திருக்கும் மிர்-31, பெருங்குடல் புற்றுநோயில் கூடியிருக்கிறது. நாரரும்பருக்கு என்று கொடுத்தது பக்கத்துக் கலத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்ற கேள்வி இருக்கிறது. இரண்டாவது, கொண்டுபோய்ச் சேர்ப்பது. இரத்தத்தில் ஏற்றும் இத்தகைய துகள்களின் பெரும்பகுதியை ஈரல் பிடித்துவிடும். மூன்றாவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி. மிர்-34ஐப் போலச் செய்யப்பட்ட எம்.ஆர்.எக்ஸ்-34 என்ற மருந்துதான் மனிதப் புற்றுநோயில் முதலில் பரிசோதிக்கப்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்து. சிலரில் கட்டி சுருங்கியது உண்மை. ஆனால் நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாக எதிர்வினை காட்டியதால் 2016இல் பரிசோதனை நிறுத்தப்பட்டது.

அவுஸ்திரேலியாவில் அஸ்பெஸ்டசால் வரும் நுரையீரல் உறைப் புற்றுநோய்க்கு மிர்-16 வகை மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2017இல் வெளிவந்தன. விளைவு மதிப்பிடப்பட்ட 22 பேரில் ஒருவருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. 15 பேருக்கு வளராமல் நின்றது. இது பாதுகாப்பைப் பார்க்கும் முதற்கட்டம் மட்டுமே. நாரரும்பரையே குறிவைத்த மிர்-29 மருந்து ஒன்று தோலுக்குள் ஊசியாகப் போடப்பட்டுச் சோதிக்கப்பட்டது. ஆனால் தழும்புக்காக, புற்றுநோய்க்காக அல்ல. இன்றுவரை கட்டியின் நாரரும்பர்களை மைக்ரோ ஆர்.என்.ஏயால் திருப்பும் வழமையான சிகிச்சை எந்த நாட்டு வைத்தியசாலையிலும் இல்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆய்வுச் செய்தி ஒன்று வந்தால், அதன் பெயரில் விற்பனையும் பின்னால் வரும். 'உங்கள் மைக்ரோ ஆர்.என்.ஏயைச் சீராக்கும்' குளிசை, தூள், சாறு என்று விளம்பரங்கள் வருகின்றன. 2012இல் சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழக ஆய்வொன்று, சோற்றில் உள்ள அரிசியின் மைக்ரோ ஆர்.என்.ஏ சாப்பிடுபவரின் இரத்தத்துக்குள் போய் மரபணுவைக் கட்டுப்படுத்துகிறது என்று சொன்னது. அடுத்த ஆண்டே வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அது உறுதியாகவில்லை. மூன்று நேரமும் சோறு தின்று வளர்ந்த எங்களுக்கு அது உண்மையாக இருந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். இந்தப் பொருட்களுக்குச் செலவழிக்கும் காசைவிட, கீமோ நடக்கும்போது வைத்தியருக்குச் சொல்லாமல் அவற்றை எடுப்பதே கூடிய ஆபத்து. சில மூலிகைச் சாறுகள் கீமோ மருந்தை ஈரல் கையாளும் விதத்தையே மாற்றிவிடும்.

இரத்தத்தில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏயைப் பார்த்து நோயை அறியும் பரிசோதனைகள் வேறு விடயம். அவை சிகிச்சையைவிட முன்னே நிற்கின்றன. விதைப்பைப் புற்றுநோயில் மிர்-371 என்பது நல்ல நம்பிக்கை தரும் குறிகாட்டியாகப் பல ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது.

திரும்ப அந்த அறிக்கைக்கு வருவோம். 'டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்ட்ரோமா' என்ற சொல் அதில் இருப்பதால் மட்டும் நோய் கூடிவிட்டது என்று கொள்ளக்கூடாது. அடுத்த சிகிச்சையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் நோயின் கட்டம், வெட்டிய ஓரத்தில் புற்றுநோய் மிஞ்சியிருக்கிறதா என்பது, நிணநீர் முடிச்சுகள், கட்டியின் வகை ஆகியவை. வைத்தியரிடம் கேட்கவேண்டியதும் இவற்றைப் பற்றித்தான். பல நாடுகளில் கேட்டால் வைத்தியசாலையே தமிழ் உரைபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்து தரும். பதினான்கு வயதுப் பிள்ளை தாயின் புற்றுநோய் அறிக்கையை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

ஆனாலும் வீட்டில் அம்மா கேட்டால், இப்படிச் சொல்லலாம்: 'கட்டியைச் சுத்தி உடம்பு நார் கட்டியிருக்காம் அம்மா. காயம் ஆறேக்க கட்டுற மாதிரி. அது புற்றுநோய் இல்லை, எங்கட உடம்புதான். டொக்டரிட்ட ஓரம் சுத்தமா வெட்டியாச்சோ எண்டு கேப்பம்.'